பத்து ரூவாய்க்குக் காஷ்மீரு

வாரும் மருமகனே, உக்காரும். திண்ணையிலயே உக்காரும். உள்ள கட்டில் மேல காஷ்மீரைக் காயப்போட்டிருக்கு, பசை இன்னும் காயலை.

என்ன முழிக்கீரு? நீரு குடுத்த வேலைதான! என் பேரன் உம்ம ஒம்பதாம் வகுப்புலதான படிக்கான்? "தாத்தா, காஷ்மீரைப் பத்தி ப்ராஜெக்ட்டு, திங்கக்கிழமை கொண்டுபோகணும்"னு நேத்து ராத்திரி வந்து நிக்கான். சரி, பய படிக்கப்போறான்னு பார்த்தேன். படிக்கலை, கடைக்குப் போனான். பத்து ரூவாய்க்குப் படத்தாள் ஒண்ணு வாங்கியாந்தான். அதுல காஷ்மீரு ஆறு கட்டமா அச்சாகியிருந்துச்சு: ஏரி, படகு, ஆப்பிளு, பனிமலை, குங்குமப்பூ, தலையில முக்காடு போட்ட ஒரு பொம்பளைப்பிள்ளை. வெட்டினான், ஒட்டினான். அவங்க அம்மை எழுதினா. அவங்க அப்பன் ஸ்கேலு வச்சுக் கோடு போட்டான். பனிக்குப் பஞ்சு வேணும்னதும் உம்ம அத்தை தலையணையைப் பிரிச்சு உருவிக் குடுத்தா. பதினோரு மணிக்கெல்லாம் காஷ்மீரு முடிஞ்சுபோச்சு. பய ஒம்பது மணிக்கே தூங்கிட்டான்.

நாளைக்கு நீரு அதுல 'வெரி குட்'னு போடுவீருல்லா? அது யாருக்குன்னு இப்பவே வீட்டுல சண்டை. மருமக கையெழுத்துக்குங்கா, உம்ம அத்தை பஞ்சுக்குங்கா.

பக்கத்து வீட்டுப் பிள்ளை பாவம், தானே எழுதியிருக்கு. செல்லைப் பார்த்து ஒரு எழுத்து விடாம, முத்து முத்தா. கடைசி வரி என்ன தெரியுமா? 'மேலும் படிக்க இங்கே சொடுக்கவும்'. அடியில சிவப்பு மையில கோடு வேற. முக்கியமான வரின்னு நெனச்சிருக்கு.

கோவிச்சுக்கிடாதேயும். இது நீரா இழுத்துவிட்ட வேலை இல்லைன்னு எனக்கும் தெரியும். 2015-ல பட்டேல் பொறந்த நாள் அன்னைக்கு, அக்டோபர் 31-ல, 'ஒரே பாரதம் உன்னத பாரதம்'னு டெல்லியில சொன்னாக. ஒரு மாநிலத்துக்கு இன்னொரு மாநிலத்தை ஜோடி சேர்த்தாக. தமிழ்நாட்டுக்கு ஜம்மு காஷ்மீரு வாய்ச்சுது. 2020-ல சி.பி.எஸ்.இ.காரங்க, பாடத்தோட கலையைச் சேர்த்து ப்ராஜெக்ட்டு செய்யணும், ஒம்பது பத்துப் பிள்ளைக அதுல ஜோடி மாநிலத்துக் கலையைக் கொண்டுவரணும்னு சொல்லிட்டாக. நடுவுல 2019-ல, அதே அக்டோபர் 31-ல, அந்த மாநிலமே ஜம்மு காஷ்மீரு, லடாக்குன்னு ரெண்டு யூனியன் பிரதேசமாப் பிரிஞ்சுபோச்சு. டெல்லியில பிரிச்சது நம்ம கடைக்காரரு படத்தாளுக்கு இன்னும் வந்து சேரலை. என் பேரன் பனிமலைன்னு லடாக்கையும் சேர்த்துத்தான் ஒட்டியிருக்கான்.

ஜோடி சேர்த்தது நல்ல காரியந்தான். ஆனா சம்பந்தம் பேசினா அந்த வீட்டுல போய் ஒரு வாய் கை நனைக்க வேண்டாமா? நீரு போட்டோவைப் பார்த்துட்டுத் தாலியே கட்டச் சொல்லுதீரே!

"பிள்ளைக மத்த ஊரு பண்பாட்டைத் தெரிஞ்சுக்கிடணும்ல மாமா"ங்கீரு. நல்லாத் தெரிஞ்சுக்கிடட்டும். அதுக்கு முன்னால நீரு ஒண்ணை நெனச்சுப் பாரும். அங்க ஸ்ரீநகர்ல உம்மள மாதிரியே ஒரு வாத்தியாரு, ஒரு பயலுக்குத் தமிழ்நாட்டைக் குடுத்திருப்பாரு. அவனும் கடைக்குத்தான் போவான். அவன் தாள்ல நாம எப்படி இருப்போம்? ஒரு கோபுரம், ஒரு தட்டு இட்லி, ஒரு காளை, பரதநாட்டியம் ஆடுற ஒரு பிள்ளை. 'தமிழ் மக்கள் காலையில் இட்லி உண்டு, கோவிலுக்குச் சென்று, நடனம் ஆடுவர்'னு அவன் அம்மை அழகா எழுதிக் குடுப்பா. நீரு இன்னைக்குக் காலையில ஆடிட்டா வந்தீரு? உம்ம தொந்தியைப் பார்த்தா அப்படித் தெரியலையே. நம்ம கரிசக்காட்டுக் கம்பஞ்சோறு அந்தத் தாள்ல இருக்குமா? கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இருக்குமா? தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிட்டு விளக்கு வைக்குற நேரத்துக்கு வீடு வர்ற நம்ம பொம்பளையாளுக இருப்பாகளா?

அந்தத் தாளைப் பார்த்தா உமக்குச் சுருக்குன்னு இருக்குமா இருக்காதா? அங்கயும் ஒருத்தருக்கு அப்படித்தான் இருக்கும்.

சரி, கேலி போதும், புத்தி சொல்லுதேன். காசு கேக்கலை, கேட்டுக்கிடும்.

முதல்ல பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பாதேயும். அவனவன் பைக்குள்ள காஷ்மீரு இருக்கான்னு தேடச் சொல்லும். பென்சிலை எடுக்கச் சொல்லும். நம்ம நாட்டுல பென்சில் செய்யுற பலகையில பெரும்பங்கு காஷ்மீருல இருந்துதான் வருது. புல்வாமா மாவட்டத்துல ஊக்கூன்னு ஒரு ஊரு. பாப்லர் மரத்தை அறுத்து, பென்சில் கம்பெனிக்காரங்களுக்கு அனுப்புறதுதான் அங்க தொழிலு. 2020-ல பிரதமரு ரேடியோவுல பேசும்போதுகூட அதைச் சொன்னாரு. பய அந்த மரத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு, "காஷ்மீர்ல என்ன தாத்தா உண்டாகும்?"னு எங்கிட்டக் கேக்கான்.

சாயங்காலம் கம்மாய்க்குள்ள கிரிக்கெட்டு ஆடுதானுகளே, அந்த மட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லும். 'காஷ்மீர் வில்லோ'ன்னு போட்டிருக்கும். அனந்தநாக் மாவட்டத்துல சங்கம், பிஜ்பெஹாரா பக்கம் ரோட்டோரம் பூரா மட்டைக்கட்டையை அடுக்கிக் காயவச்சிருப்பாக. அது எந்த ரோடுன்னு கேளும். 44-ஆம் நம்பரு. நம்ம கோவில்பட்டியைத் தாண்டிப் போகுதே நாலுவழிச் சாலை, அதே 44. ஸ்ரீநகர்ல ஆரம்பிச்சுக் கன்னியாகுமரியில முடியுது. அங்க பனி கொட்டினாலோ மலை சரிஞ்சாலோ ரோட்டை அடைச்சிருவாக. ஆப்பிள் லாரி வரிசையா நிக்கும், உள்ள பழம் அழுகும். 3,000 கிலோமீட்டருக்கு அங்கிட்டு மண்ணு சரிஞ்சா நம்ம மேலத்தெரு லாரி டிரைவரு வீட்டுல அடுப்பு யோசிச்சுத்தான் எரியும். இதுவும் சமூக அறிவியல்தான? உம்ம புஸ்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்கு?

ரெண்டாவது, படத்தைக் குடுக்காதேயும், கேள்வியைக் குடும். வகுப்புக்கே ஒரு கேள்வி போதும். 'பனி கொட்டுற மாசத்துல அங்க என்ன சாப்பிடுவாக?' இதைக் கேட்டுப் பாரும், கூட்டமாக் கத்துவானுக. ஒருத்தன் ஆப்பிளும்பான், ஒருத்தன் சப்பாத்தியும்பான், உம்ம முதல் பெஞ்சுக்காரன் ஐஸ்கிரீமும்பான். கத்தட்டும். எல்லாத்தையும் போர்டுல எழுதி வையும், அழிக்காதேயும்.

நானும் விசாரிச்சு வச்சிருக்கேன். கீழத்தெருவுல மிலிட்டரிக்காரரு இருக்காருல்லா, குளிரு காலம் பூரா அங்க காவல் கிடந்தவரு? அவரு சொன்னதும், உம்மள மாதிரி படிச்சவங்க சொன்னதும் சேர்த்துத்தான். டிசம்பர் 21-ல இருந்து 40 நாளைக்கு 'சில்லை கலான்'னு பேரு, கொடுங்குளிரு. குழாய்ல தண்ணி உறைஞ்சிரும். 'காங்கிரி'ன்னு ஒண்ணு வச்சிருக்காக. உள்ள மண்சட்டி, வெளிய குச்சியால பின்னின கூடு, சட்டியில கரிநெருப்பு. அதை 'ஃபெரன்'ங்கிற தொளதொள அங்கிக்குள்ள வச்சுக்கிட்டு நடமாடுதாக. வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுங்குறதை நாம பேச்சுக்குச் சொல்லுவோம். அவுக நிசமாவே கட்டிக்கிட்டுக் கடைக்குப் போயி கறி வாங்கிட்டு வாராக.

அந்த 40 நாளைக்குக் காய்கறிக்கு எங்க போக? கோடையிலயே காயவச்சிருதாக. கத்திரிக்காயை நாலா வகுந்து கயித்துல கோத்துத் தொங்கவிடுதாக. தக்காளியை அரிஞ்சு காயப்போடுதாக. சுரைக்காயைக்கூட நாடா நாடாச் சீவிக் காயவைக்காக. இதைச் சொன்னதும் உம்ம அத்தை உள்ள இருந்து, "அவளுகளும் வத்தல் போடுதாளுகளா?"ன்னு கேட்டா பாரும், அதுவரைக்கும் காஷ்மீருன்னா சேலைத்தலைப்பை இழுத்து மூடிக்கிட்டவ, அன்னைக்குத்தான் நிமிந்து உக்காந்து கேட்டா. இவ கத்திரி வத்தல், சீனியவரை வத்தல், மிதுக்கு வத்தல்னு மொட்டமாடி பூரா பரப்புதாள்ல? அடுத்த கேள்வி அவதான் கேட்டா: "உப்புப் போடுவாளுகளா, மோருல ஊறப்போடுவாளுகளா? சுரைக்காய்ல தண்ணியால்ல இருக்கு, பூஞ்சை பிடிக்காதா?" மருமகனே, உம்ம வகுப்புல இப்படி ஒரு கேள்வி எந்திரிச்சிருக்கா? அவ மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினவ இல்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு நம்மளை அடிச்சு அடிச்சுச் சொன்னாக. அங்க காஞ்ச சுரைக்காய்தான்வே கறிக்கு உதவுது. உம்ம சார்ட்டுல இருக்குறதுதான் ஏட்டுச் சுரைக்காய்.

இங்க ஒரு இடத்துல வழுக்கும், பார்த்து நடவும். "ஆகா, அவங்களும் வத்தல் போடுறாங்க, நாமளும் வத்தல் போடுறோம், எல்லாரும் ஒண்ணுதான்"னு கைதட்டி, பாட்டுப் பாடி முடிச்சிருவீரு. உம்ம ஸ்கூலு ஆண்டுவிழா அப்படித்தான முடியும்? எல்லாம் ஒண்ணுன்னா எதுக்குத் தனியா ஒரு ப்ராஜெக்ட்டு? இங்க வெயிலு தாங்காமக் காயவைக்கோம், அங்க வெயிலு கிடைக்காதுன்னு காயவைக்காக. அந்த வித்தியாசத்துலதான் பாடம் இருக்கு.

இன்னும் கேளும். வடக்கன்னா சப்பாத்தின்னு நெனச்சிருக்கான் என் பேரன். காஷ்மீர்க்காரங்க சோத்துக்காரங்க. கீரையும் சோறும், கறியும் சோறும். சரி, நம்மாளுதான்னு தோளுல கைபோடப் போனீருன்னா டீயில உப்பைப் போட்டுக் குடுப்பாக. உப்பும் துளி சோடாவும் போட்டு, காய்ச்சிக் காய்ச்சி ரோஸ் நிறமா இருக்கும். சிவராத்திரிக்கு நாம என்ன செய்யுதோம்? குலசாமி கோவிலுக்குப் போறோம், பட்டினி கிடக்கோம், கண்ணு முழிக்கோம். அங்க பண்டிதருமாரு வீடுகள்லயும் சிவராத்திரிதான் பெரிய பண்டிகை. பல வீட்டுல அன்னைக்கு ஆட்டுக்கறி வேகும். ஐயருமாருதான், கறி உண்டு. ஆனா பழைய வழக்கப்படி வெங்காயம் பூண்டு கிடையாது. பெருங்காயமும் சோம்பும் சுக்கும் போட்டு ஆக்குவாக. இதை நீரு வகுப்புல சொன்னா நாலு பய வாயைப் பிளப்பான், ரெண்டு வீட்டுல இருந்து கம்ப்ளெயிண்டு வரும். வந்தா என் பேரைச் சொல்லும். எனக்கு இந்த வயசுல டிரான்ஸ்பரு கிடையாது.

மூணாவது, கலையைச் சேர்க்கச் சொன்னாகள்ல? தெர்மாகோல்ல படகு செய்யுறது கலை இல்லைவே, குப்பை. காஷ்மீருக் கம்பளத்தை எப்படி நெய்யுதாகன்னு பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லும். 'தாலிம்'னு ஒரு முறை இருக்கு. எந்த நிறத்துல எத்தனை முடிச்சுன்னு குறி குறியாத் தாள்ல எழுதி வச்சிருப்பாக. ஒருத்தரு அதை ராகம் போட்டு வாசிக்க, தறியில உக்காந்திருக்கவங்க கேட்டு முடிச்சுப் போடுதாக. முழுப் பூவைக் கண்ணால பார்க்காமலேயே பூ விழும். இது கணக்கா, கலையா? நீரே சொல்லும்.

இப்ப உம்ம வகுப்புப் பொம்பளைப்பிள்ளைகளை எந்திரிக்கச் சொல்லி, 15 புள்ளி, ஊடுபுள்ளி 8-ல முடியுற கோலம் ஒண்ணைப் படம் போடாம, வாயால சொல்லச் சொல்லும். 'அஞ்சாவது வரிசையில மூணாவது புள்ளியில இருந்து வலப்பக்கம் வளை'ன்னு ஒருத்தி சொல்லணும், கோலமே தெரியாத ஒரு பய போர்டுல போடணும். பயலுக்கு வேர்த்துக் கொட்டும், கோலம் கோணும், வகுப்பு சிரிக்கும். அப்ப தெரியும் தாலிம் எழுதினவரு கெட்டிக்காரத்தனம். அப்படியே ஒரு நாளைக்குப் பத்தமடைக்குக் கூட்டிட்டுப் போயி, கோரைப்பாய் நெய்யுறவங்ககிட்ட, "அம்மா, நீங்க கணக்கை எங்க எழுதி வச்சிருக்கீக?"ன்னு கேக்கச் சொல்லும். அவுக என்ன சொல்லுதாகளோ, அதைத் தாலிமோட சேர்த்து வச்சுப் பார்க்கட்டும்.

நாலாவதுதான் முக்கியம்: ஆளைப் பிடிச்சுக் கேக்கச் சொல்லும். ஆளுக்கா பஞ்சம்? மிலிட்டரிக்காரரு இருக்காரு, ஆப்பிள் ஏத்தப் போற டிரைவரு இருக்காரு. டூரு போனா கொடைக்கானல்லயும் மகாபலிபுரத்துலயும் சால்வைக்கடை போட்டிருக்க காஷ்மீர்க்காரங்களே இருக்காக, நம்மகூடத் தமிழ்லயே பேரம் பேசுவாக. ஆனா ஒருத்தரை மட்டும் கேட்டுட்டு நோட்டை மூடவிடாதேயும். மிலிட்டரிக்காரரு பார்த்தது மலையும் முள்கம்பியும். டிரைவரு பார்த்தது ரோடும் மண்டியும். கடைக்காரரு சொல்லுறது அவரு விட்டுட்டு வந்த வீட்டை. மூணும் வேற வேறயா இருக்கும், மூணும் நிசந்தான். அதுலயும் ஜம்முவுல டோக்ரி பேசுறவங்க இருக்காக, பள்ளத்தாக்குல காஷ்மீரி. பக்கர்வால்னு ஆட்டுக்காரங்க இருக்காக. கோடைக்கு மந்தையை மலைக்கு ஏத்தி, குளிருக்குக் கீழ இறக்குவாக. ஆடு மேய்க்குற நம்ம கீதாரிமாரையும் சேர்த்து வச்சு ஒரு கேள்வி கேளும்: 'மந்தை நடக்குற மாசத்துல பிள்ளைக பள்ளிக்கூடம் என்ன ஆகும்?' ரெண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே கேள்விதான்.

கேக்குறதுலயும் ஒரு மொறை இருக்கு. சால்வைக்கடைக்காரரைப் பார்த்ததும், "உங்க ஊர்ல டெய்லி குண்டு வெடிக்குமாமே?"ன்னு ஆரம்பிக்காம இருக்கப் பழக்கும். மெட்ராசுக்குப் போனா, "ஓ, திருநெல்வேலியா, அருவா எங்க?"ன்னு கேக்கான்ல உம்மள? பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான சிரிக்கீரு? அதே கடிதான் அவருக்கும். சினிமாவைப் பார்த்துட்டு ஊரைப் பார்த்ததா நெனைக்குறது நமக்குப் பழகிப்போச்சு. 1992-ல 'ரோஜா' வந்தப்ப இந்த ஊரே காஷ்மீரைப் பார்த்துட்டு வந்த மாதிரி பேசுச்சு. அங்க எடுக்க முடியாம வேற மலையில எடுத்த படம்வே அது! முதல்ல சாப்பாட்டைக் கேக்கச் சொல்லும், அம்மையைக் கேக்கச் சொல்லும், அவரு படிச்ச பள்ளிக்கூடத்தைக் கேக்கச் சொல்லும். குண்டைப் பத்திச் சொல்லணும்னு அவருக்குத் தோணுச்சுன்னா அவரே சொல்லுவாரு. அப்ப வாயை மூடிக்கிட்டுக் கேக்கணும். அதுக்கும் மார்க் உண்டுன்னு சொல்லி வையும்.

"மார்க்கு எப்படிப் போட மாமா?"ங்கீரு. இதுக்குத்தான் வந்தீரோ? நோட்டுல ரெண்டு பத்தி போடச் சொல்லும். இந்தப் பக்கம், 'முன்னால நான் என்ன நெனச்சேன்'. அந்தப் பக்கம், 'யாரைக் கேட்டேன், என்ன சொன்னாக'. போர்டுல அழிக்காம வச்சிருக்கச் சொன்னேனே ஐஸ்கிரீமு, அது இந்தப் பக்கத்துக்கு வரும். எவன் நெனப்பு அதிகமா உடைஞ்சிருக்கோ அவனுக்கு மார்க்கு. ரெண்டு பேரு ரெண்டு விதமாச் சொன்னதை அப்படியே எழுதியிருந்தா இன்னும் ரெண்டு. ஜிகினாவுக்குக் கிடையாது, பஞ்சுக்குக் கிடையாது. உம்ம அத்தை காதுல விழாமப் பேசுவோம். அம்மைமாரு கையெழுத்துக்கு மார்க்குப் போட ஆசைன்னா, அம்மைமாரையே வகுப்புல சேர்த்துக்கிடும், பீஸும் வரும்.

கடைசியா ஒண்ணு. ஜோடின்னா ரெண்டு பக்கமும் பேசணும்ல? அங்க பள்ளத்தாக்குல ஒரு பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போடும். நம்ம பிள்ளைக கேள்வி பத்து அங்க போகட்டும், அவுக கேள்வி பத்து இங்க வரட்டும். அங்க குளிருக்குத்தான் நீள லீவு, இங்க வெயிலுக்கு. நம்ம முழுப்பரீட்சை லீவுல அவுக வகுப்பு நடக்கும், அவுக லீவுல நம்ம வகுப்பு நடக்கும். அதைப் பார்த்து அனுப்பும், இல்லைன்னா கடிதாசி பூட்டின பள்ளிக்கூடத்துல கிடக்கும்.

அவுக என்ன கேப்பாகன்னு நெனைக்கீரு? இட்லியைப் பத்தியா? அது அவுக சார்ட்டுலயே இருக்கு. 'உங்க ஊரு சாமி ஏன் கையில அருவா வச்சிருக்கு? ஏன் ஊருக்கு வெளிய நிக்குது? அதுக்கு ஏன் சுருட்டு?'ன்னு கேட்டா உமக்குப் பதில் தெரியுமா? உம்ம பிரின்சிபாலுக்குத் தெரியுமா? செல்லுல தேடினா 'இங்கே சொடுக்கவும்'னுதான் வரும். அப்ப வகுப்போட வரிசையா எங்கிட்டத்தான வரணும்? வாங்க, நல்லாச் சொல்லுதேன். ஆனா பிள்ளைகளை வெறுங்கையோட அனுப்பாதேயும். ஒரு கவுளி வெத்தலை, அரைக்கிலோ பாக்கு, கருப்பசாமிக்கு ஒரு கட்டுச் சுருட்டு. சுருட்டைச் சாமிக்கு நானே குடுத்துருதேன்.